உச்சி வெயிலில் நின்ற தகடு

என் வீட்டுக்காரருக்கு மூச்சு சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து வருகிறது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வாலிபத்திலிருந்து வேலை பார்த்தவர். அங்கே காய்ந்த தோலைத் தேய்க்கும்போது கிளம்பிய தூசியா, அவர் குடித்த பீடியா, எது காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நுரையீரல் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னார். மூன்று வருடமாகக் கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. முக்காலி உயரம் இருக்கும். அறையில் உள்ள காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக அவர் மூக்கில் விடும். கரண்ட் போனால் கீச்கீச்சென்று கத்தும். கனவில் அந்தச் சத்தம் கேட்டுக்கூட நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது அஞ்சாவது வரை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் அவர் விரலில் மாட்டுகிற மீட்டரை வாசிக்க எனக்கு எழுத்து வேண்டியதில்லை. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் உலை வைப்பேன். எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் வைத்த உலையை மறந்துவிடுவேன்.

எங்கள் ஊரில் மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். முந்தின நாளே பேப்பரில் எந்தெந்தப் பகுதி என்று போட்டுவிடுவார்கள். தெருவில் எல்லோரும் அன்று விடியும் முன்பே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள், மாவு ஆட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நாளுக்கென்று ஆட்டோவில் பெரிய சிலிண்டர் வாடகைக்கு வரும். அதைத் தவிர, சும்மா அஞ்சு பத்து நிமிடம் கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டர் கட்டிலுக்கு அடியில் எப்போதும் கிடக்கும்.

அவருக்கு உடம்புதான் கட்டிலோடு போயிற்றே தவிர, வாய் ஓயவில்லை. பேப்பரில் கரண்ட்டைப் பற்றி எது வந்தாலும் விடமாட்டார். தன் மூச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதற்குத் தோதாக இரண்டு பேர் அமைந்தார்கள். ஒருவன் என் தம்பி. பழனிப் பக்கம் காற்றாலைகள் நிற்கிற காட்டில் ரொம்ப வருடம் வாட்ச்மேனாக இருந்துவிட்டு, இப்போது கன்னிவாடியில் தோட்டம் பார்க்கிறான். இன்னொருவர் எங்கள் மருமகன். தெற்கே கடற்கரையில் உள்ள அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்டில் வெல்டர் வேலை. மகளோடு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். அன்று தம்பியும் பஸ் ஏறி வந்துவிடுவான். மூன்று பேரும் சேர்ந்தால் எங்கள் முன்னறை சட்டசபைதான்.

"ஆடியில வந்து பாருங்க மச்சான்," என்பான் தம்பி. "ரெக்கை சுத்துற சுத்துல அதோட நெழலு நம்ம மேல சாட்டை மாதிரி விழும். கரி வேணாம், புகை வேணாம். காத்துக்கு எவன் பில்லு போடுறது?"

"தையில வந்து பாக்குறேன்லே. அப்ப உன் ரெக்கை என்ன பண்ணும்? காக்காய்க்கு உக்கார எடம் குடுக்கும்."

மருமகன் அமைதியாகச் சொல்வார். "அதுக்குத்தான் மாமா அணு. ஆடியும் தையும் அதுக்கு ஒண்ணுதான். மழையா வெயிலான்னு பாக்காது. ஒருக்கா ஓட ஆரம்பிச்சா மாசக்கணக்குல ஒரே சீரா ஓடும்."

"ஓடும், ஓடும். ஓடி முடிச்ச பொறவு கெடக்குற கழிவ எங்க வைப்பீங்க மாப்ள? உங்க வீட்டுப் பரண்லயா?" என்பான் தம்பி.

"தண்ணிக்குள்ள ஆறப் போட்டு காவல் காக்குறாங்க மாமா. அது பெரிய கேள்விதான், இல்லேங்கல. ஆனா ஒரு கையளவு எரிபொருள்ல வர்ற கரண்ட்டுக்கு எம்புட்டு லாரி கரி எரிக்கணும்னு அதையும் பாக்கணும்ல?"

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, மூக்குக் குழாயைச் சரி செய்துகொண்டு, தன் கட்சியை எடுப்பார். "நீங்க அணுவைப் பெளக்குறீங்க. சேக்கப் போறான் பாருங்க, அதுதாம்யா கரண்ட்டு. ரெண்டு பொடி அணுவை ஒண்ணா ஒட்டுறது. சூரியனுக்குள்ள நடக்குறதே அதுதான். கடல்தண்ணியில இருந்தே அதுக்கு எரிபொருள் எடுக்கலாங்கிறான். வெடிக்கும்கிற பயமும் இல்ல, தலைமுறை தலைமுறையா கழிவுக்குக் காவலும் இல்ல."

"அது எப்ப மச்சான் வரும்?"

"வரும்லே."

"எங்கக்காவக் கட்டுன காலத்துல இருந்து வருது வருதுங்குறாரு. பொண்ணு பாத்தாச்சு, மண்டபம் பிடிச்சாச்சு, மாப்பிள்ளைதான் இன்னும் பொறக்கல!"

சிரிப்பார்கள். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். நான் அடுக்களையிலிருந்து வந்து முதுகைத் தடவிவிட்டுப் போவேன். என் வேலை அவ்வளவுதான்.

ஒருநாள் தெரியாமல் நானும் வாயைத் திறந்தேன். காப்பித் தம்ளரை வைத்தபடி கேட்டேன். "எல்லாம் ஒரே கம்பியிலதான வருது. அப்ப நம்ம மிஷினுக்கு வர்றது காத்துக் கரண்ட்டா, அணுக் கரண்ட்டா?"

தம்பி தொடையைத் தட்டினான். "அக்கா, மீட்டர்ப் பொட்டியில போயி மோந்து பாரு. உப்பு வாசம் அடிச்சா மாப்ள கரண்ட்டு, செம்மண்ணு வாசம் அடிச்சா ஏங் கரண்ட்டு!"

அவரும் சிரித்தார். ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. மருமகன்கூட, "அத்தை கேட்டதுல தப்பே இல்ல, எல்லாம் கலந்துதான் வருது" என்று சொன்னதாக மகள் பிறகு சொன்னாள். அதற்குள் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். முகமெல்லாம் எரிந்தது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசினால், அந்த வார்த்தையை ஒரு வாரம் சுமப்பேன். இனி இவர்கள் பேச்சில் தலை கொடுக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு விலை இருந்தது.

மாசி மாதம் மகளும் மருமகனும் சேர்ந்து எங்கள் மாடியில் சோலார் தகடு போட்டுக்கொடுத்தார்கள். அப்பாவின் மூச்சுக்கு என்று மகள் பிடிவாதமாகச் செய்தது. மருமகனுக்கு லீவு இல்லை, தகடு மாட்டுகிற அன்று அவர் வரவில்லை. கம்பெனி ஆள் நல்ல பையன். மாடியில் வரிசையாகத் தகடு, கீழே மீட்டர் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று, அதில் பச்சை விளக்கு. பகலில் நம் செலவு போக மிச்சக் கரண்ட் தெருக் கம்பிக்கே போய்விடும் என்று வீட்டுக்காரரிடம் விளக்கினான். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. சூரியனையே வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று.

போகும்போது அந்தப் பையன் என் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்க எதுவும் கேக்கணுமா?"

கேட்க ஒன்று இருந்தது. தெருவில் கரண்ட் போனால் இது ஓடுமா? இவ்வளவுதான் கேள்வி. நாக்கு நுனியில் நின்றது. கையில் அவனுக்குக் கொண்டுவந்த மோர்த் தம்ளர். உப்பு வாசம், செம்மண் வாசம் என்று தம்பி சொன்னது காதில் விழுந்தது. மாடி நிறையத் தகடு மாட்டி வைத்திருக்கிறான், கரண்ட் போனால் ஓடுமா என்று கேட்டால் இவனும் சிரிப்பான் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன். ஒன்றுமில்லை என்று.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை கரண்ட் போயிற்று. எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு. சூரியன் இல்லாத நேரம் தகடு எப்படி ஓடும் என்று நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன சிலிண்டரை மாட்டிச் சமாளித்தோம். அது பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

பங்குனி மாத நிறுத்தம் பேப்பரில் வந்தது. நான் சிலிண்டர் கடைக்குப் போன் போடச் சொன்னேன்.

"சிலிண்டர் எதுக்கு? பங்குனி வெயில் மண்டையப் பெளக்குது. மாடியில சூரியன கட்டிப் போட்டிருக்கோம்," என்றார்.

"ஒண்ணு கெடந்தா கெடந்துட்டுப் போகுது."

"உனக்கு எதுலதான் நம்பிக்கை?"

நான் அதற்கு மேல் பேசவில்லை. அதையும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அன்று காலை ஒன்பது அடித்து ஒரு நிமிடம் இருக்கும். மின்விசிறி நின்றது. மிஷின் கீச்கீச்சென்று கத்தியது. "இரு, தகடு எடுத்துக்கும்," என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார். நான் வெள்ளைப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு போய்ச் சிவப்பு விழுந்திருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மாடிக்கு ஓடினேன். தகடுகள் மேல் கண் கூசுகிற வெயில். கை வைத்தால் தோசைக்கல். அத்தனை வெயிலையும் வாங்கிக்கொண்டு சும்மா படுத்துக் கிடந்தன.

கீழே வந்து சின்ன சிலிண்டரை மாட்டினேன். விரல் மீட்டர் எண்பத்தெட்டு காட்டியது. மருமகனுக்குப் போன் போட்டேன். அணுமின் நிலையத்துக்குள் போகும்போது போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது மணி முழுவதும் அடித்து ஓய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தம்பியின் போன் அடிக்கவே இல்லை. மலையடிவாரத் தோட்டத்தில் டவர் கிடையாது. சிலிண்டர் கடைக்காரர், "இன்னிக்குக் கரண்ட் கட்டுன்னு நேத்தே எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. ரெண்டு மணிக்கு மேல ஒண்ணு திரும்பி வரும், அனுப்புறேன்," என்றார். இருக்கிற சிலிண்டர் பதினோரு மணியைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் தகடு மாட்டின பையனுக்கே போட்டேன். முன்பின் பழக்கமில்லாத ஆம்பளைக்கு நான் போன் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்.

"தம்பி, தகடு ஓடல. வெயிலு நல்லா அடிக்குது. ஓடல."

"லைன் கட்டாம்மா? அப்ப ஓடாதும்மா. லைன் வந்தா தன்னால வந்துரும்."

"ஏன் ஓடாது?"

"அம்மா, கம்பத்து மேல லைன்மேன் ஏறி வேலை பாத்துட்டு இருப்பாங்கள்ல? நம்ம தகடு கரண்ட்ட கம்பிக்கு அனுப்புனா அவுங்கள அடிச்சிரும். அதுனால லைன் இல்லாட்டி தகடும் நின்னுரும். அப்படித்தான் வச்சிருக்கு. பேட்டரி போட்டாத்தான் கரண்ட் கட்டுல ஓடும். நீங்க பேட்டரி கேக்கலியேம்மா?"

நான் கேட்கவில்லைதான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எவள் புருஷனோ ஒருத்தன் எங்கள் தெரு முனையில் கம்பத்தில் ஏறி நிற்கிறான். அவன் உயிரோடு இறங்க வேண்டும் என்றுதான் எங்கள் தகடு நின்றிருக்கிறது. என் புருஷன் கட்டிலில். யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

"ஆம்புலன்ஸக் கூப்புடவா?" என்று கேட்டேன். கையை ஆட்டி மறித்தார். போன வருடம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து, பக்கத்துக் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியானதைப் பார்த்தவர். "வேணாம். இங்கனயே," என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. அதுவரை கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். எதிர்ச் சாரியில் ஒரு பாயின் தோல் கிடங்கு இருக்கிறது. கரண்ட் போன உடனே அங்கே ஜெனரேட்டர் தடதடவென்று ஓடத் தொடங்கிவிடும்.

அந்த ஜெனரேட்டருக்கும் எங்களுக்கும் ஒரு கதை உண்டு. அதன் டீசல் புகை எங்கள் ஜன்னலுக்குள் வந்து இவருக்கு மூச்சு முட்டுகிறது என்று, இரண்டு வருடத்துக்கு முன் இவர் தெருவில் கையெழுத்து வாங்கி அதிகாரிகளுக்கு மனுப் போட்டார். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாய் புகைக்குழாயைப் பின்பக்கம் மாற்றினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பாயம்மா மட்டும் காய்கறி வண்டியண்டை பார்த்தால் தலையசைப்பார்.

சின்ன சிலிண்டரின் முள் அடிக்கு இறங்கியிருந்தது, மீட்டர் எண்பத்து நாலு. அவர் கையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டினேன். கிடங்கு வாசலில் நாலைந்து ஆம்பளைகள் தோல் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். சொல்லவே கூசுகிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். புருஷன் அங்கே மூச்சுக்குத் தவிக்க, நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, யாராவது என்னவென்று கேட்பார்களா என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்து கட்டு ஏற்றினார்கள். ஆறாவது கட்டைத் தூக்கும்போது பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஜெனரேட்டர நிறுத்தணுமா?"

அந்தக் கேள்வி என்னை உடைத்துவிட்டது. "நிறுத்தாதீங்க பாய்," என்றேன். "அதுல இருந்து ஒரு வயரு குடுங்க. எங்க வீட்டுல மூச்சு போகுது."

பாய் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு போட்ட சத்தத்தில் ஆட்கள் கட்டைக் கீழே போட்டார்கள். "ஏலே, அந்த நீள வயர எடு! ஏணியக் கொண்டாங்க! மேல தூக்கிக் கட்டு, லாரி போகும்!" என்னிடம் திரும்பி, "எம்புட்டு நேரமாக்கா நிக்கிறீங்க? சத்தம் குடுத்தா என்ன?" என்றார்.

தெருவுக்குக் குறுக்கே வயர் வந்தது. எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து மிஷினைச் சொருகினார்கள். அது ஒருமுறை கத்திவிட்டு ஓடத் தொடங்கியது. மீட்டர் எழுபத்தொன்பதில் இருந்தது. அவர் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. எண்பது. எண்பத்து மூன்று. நான் தரையில் உட்கார்ந்து அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காற்று கிடங்கின் பின்பக்கமிருந்து வீசியது. டீசல் புகை ஜன்னலுக்குள் வந்தது. வயர் போனதால் ஜன்னலைச் சாத்தவும் முடியவில்லை. ஈரத் துணியை இடுக்கில் அடைத்துவிட்டு, புகையை முறத்தால் வெளியே விசிறினேன். மூச்சைக் கொடுக்கிற மிஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற புகை. ஐந்து மணி வரை விசிறினேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு இறங்கியது முழுதாக ஏறவில்லை. இருதயத்துக்குச் சிரமமாகிவிட்டது என்றார் டாக்டர். முன்பு இரண்டு லிட்டரில் வைத்திருந்த மிஷினை இப்போது ஐந்தில் வைக்கிறோம். ஐந்தில் வைத்தால் பெரிய சிலிண்டரும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வருவதில்லை. பேட்டரி போட்டிருக்கிறார் மருமகன். அந்தப் பையன் வந்து மாட்டினான். மெயினை அணைத்துக் காட்டச் சொன்னேன். மறுபடி காட்டச் சொன்னேன். மழை மூட்டத்தில் எவ்வளவு நேரம், மிஷினை ஐந்தில் வைத்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "மூடாக்கா இருந்தா நாலு மணி நேரம்னு வச்சுக்கங்கம்மா, அதுக்கு மேல நம்பாதீங்க," என்றான். நிறுத்தம் எட்டு மணி நேரம்.

தம்பி இப்போது வந்தால் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிடுகிறான். மருமகனும் பேசுவதில்லை. எனக்கு அந்தச் சண்டை திரும்ப வேண்டும் போல இருக்கிறது. காற்று ஆடிக்கு வரும், வெயில் ஆறு மணிக்குப் போகும், அணு அதுபாட்டுக்கு ஓடும், சேர்க்கிற சூரியன் என்றைக்கோ வரும். எல்லாம் நல்லதுதான், எல்லாம் வேண்டும்தான். கம்பம் வரை வந்துவிடுகின்றன. கம்பத்திலிருந்து கட்டில் வரை இருக்கிற தூரத்துக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

இன்று காலை பேப்பரை என்னிடம் நீட்டினார். அவரால் இப்போது பிடித்துப் படிக்க முடிவதில்லை. "அந்தச் சூரியன் கரண்ட்டு... எதுனா போட்டிருக்கா பாரு."

போட்டிருந்தது. உள்பக்கத்தில் சின்னதாக. வெளிநாட்டில் எங்கேயோ முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அந்த நெருப்பைப் பிடித்து நிறுத்தினார்களாம். வீட்டுக்குக் கரண்ட்டாக வர இன்னும் பல வருடம் ஆகும் என்று கடைசி வரியில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடைசி வரியை விட்டுவிட்டேன். அதற்கு எதிர்ப் பக்கத்தில், திண்டுக்கல் செய்திகளுக்குக் கீழே, நாளைய மின்நிறுத்தம் என்று கட்டம் கட்டியிருந்தது. எங்கள் தெரு இரண்டாவது வரியில். அதையும் வாசிக்கவில்லை. பேப்பரை மடித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "ரெண்டு எடத்துல... முழுங்கிட்ட."

நான் பேப்பரைத் தலையணைக்கு அடியில் செருகினேன்.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

வெளியே வானம் மூட்டமாக இருந்தது. அவரும் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்தார். "பாய்கிட்ட... நான் பேசவா?" என்றார். படுக்கையை விட்டு எழ முடியாத மனுஷன்.

"வேணாம். நீங்க மூச்ச விடுங்க. நான் கேக்குறேன்."

கட்டிலுக்கு அடியில் பாய் திருப்பி வாங்காமல் விட்டுப்போன வயர் சுருளாகக் கிடக்கிறது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். வாசலில் அன்று நின்ற அதே ஆட்கள். நடக்கும்போதே, கதவை எட்டும் முன்பே, அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன்.

"பாய்! நாளைக்கு ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும்!"